சொட்டு மெஷின்

இன்னைக்கி கையும் களவுமா புடிச்சிரணும். சோபாவுல சாஞ்சி, கண்ண முக்கால்வாசி மூடி, கையில செபமாலைய உருட்டிக்கிட்டே கெடந்தா, கெழவி ஜெபம் சொல்லுத சாக்குல தூங்கிட்டான்னுதான் மருமவ நெனப்பா, நல்லா நெனக்கட்டும், ஒரு கண்ணு மீன்தொட்டி மேல, ஒரு கண்ணு அவ ரூம்பு கதவு மேல, காது ரெண்டும் அந்த சொட்டு மெஷின் மேல. அருள் நிறைந்த மரியே வாழ்க, மெஷின் இப்ப கொர்ர்ன்னு ஒரு சத்தம் போடும், பெறவு நின்னுரும், சத்தம் வந்தா மருந்து சொட்டுதுன்னு அர்த்தம். மவன் கிளமென்ட் வேலைக்குப் போறதுக்கு முந்தி என்னைய கூட்டிட்டுப் போயி தொட்டிக்கு அடியில இருக்க அலமாரியத் தொறந்து காட்டினான். "அம்மா, இந்த டப்பாவுல இருக்க தண்ணிதான் பவளத்துக்குச் சாப்பாடு மாதிரி. இந்தப் பச்சை லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கணும். அணைஞ்சி கெடந்தா சுவிட்ச போட்ருங்க, வேற ஒண்ணையும் தொட்றாதீங்க." வேற ஒண்ணையும் தொட்றாதீங்களாம், நான் என்னமோ கண்டதையும் தொடுதவ மாதிரி. அவனுக்கு எண்ணெய்க் கெணத்துல வேலை, பாலைவனத்துக்குள்ள போனாம்னா வாரக்கணக்குல அங்கனதான் கெடப்பு, இங்க மஸ்கட்டுல இந்த ரூவி பிளாட்டுல நானும் மருமவ ஜெனிட்டாவும், ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தக் கண்ணாடித் தொட்டியும். வெளிய எட்டிப்பாத்தா வெயிலு கண்ணக் குத்துது, ஒரு காக்கா கூட கெடையாது, ஊர்ல இந்நேரம் தெருவுல மீன்காரி சத்தமாவது கேக்கும், இங்க ஏசி சத்தமும் தொட்டி சத்தமும்தான், தண்ணி சளசளன்னு ஓடிக்கிட்டே இருக்கதக் கேட்டா எனக்கு நிமிசத்துக்கு ஒருக்க ஒண்ணுக்கு வருது, எந்திரிச்சிப் போனா அந்த நேரம் பாத்து அவ வந்துருவா, அதான் இன்னைக்கி காப்பி கூட குடிக்கல.

தொட்டிக்குள்ள இருக்க பவளத்துக்குத்தான் இந்தப் பாடு. மான்கொம்பு மாதிரி ஒண்ணு, மூளை மாதிரி மடிப்பு மடிப்பா ஒண்ணு, விசிறி மாதிரி ஒண்ணு. நான் வந்த புதுசுல ஊதாவும் பச்சையுமா அப்படி மினுங்கிச்சி, இப்ப மான்கொம்புக்கு நுனியெல்லாம் தீயில காட்டின மாதிரி வெள்ளையாப் போச்சி, மூளை சுருங்கிக் கெடக்கு, மீனு ரெண்டுதான் ஒண்ணும் தெரியாத மாதிரி சுத்திச் சுத்தி வருது. "அது கல்லு இல்லம்மா, உசுரு. தண்ணியில இருக்க சுண்ணாம்புச் சத்த எடுத்து தனக்குத் தானே வீடு கட்டிக்கிடும்"ன்னு கிளமென்ட் சொன்னான். எனக்கா சொல்லுதான். தூத்துக்குடியில எங்க மாமனார் வீட்டுச் சொவரு முச்சூடும் முருகைக்கல்லுதானே, இதே பவளந்தான், கடல்ல இருந்து பேத்து வள்ளத்துல கொண்டாந்து, மிச்சத்த சூளையில போட்டு சுட்டு சுண்ணாம்பாக்கி அதையே பூசின வீடு. சூளை எரியுத அன்னைக்கி துணி காயப்போட முடியாது, சாம்பலா வந்து விழும், எங்க மாமியாருக்கு அப்பவும் என் மேலதான் சந்தேகம், சட்டையச் சரியா அலசலன்னு. அன்னைக்கி சுட்டுத் தின்ன பாவத்துக்கு இன்னைக்கி என் மவன் ஏசி போட்டு, குளிர்ச்சி மெஷின் வச்சி, சொட்டுச் சொட்டா சுண்ணாம்புத் தண்ணி ஊட்டுதான். ஊட்டட்டும், அதப் பத்தி ஒண்ணுமில்ல. அன்னைக்கி போன்ல கேட்டானே, அதான் நெஞ்சுல முள்ளா நிக்கி. "அம்மா, தொட்டியில நீங்க ஏதாச்சும் போட்டீங்களா?" நான் எதுக்குல போடப்போறேன்? "இல்லம்மா, ஆல்கலினிட்டி ஏறிக்கிட்டே போவுது, அந்தக் காரம் ஏறுனா பவளம் கருகிரும், சோடா மாவு, சுண்ணாம்பு, எதாச்சும் கைதவறி..." அதோட லைன் கட்டாயிட்டு, அங்கன டவரு எப்பவும் அப்படித்தான், பாதியில தொங்கவிட்டுரும். கைதவறியாம். வெத்தலைய விட்டு எத்தனை வருசமாச்சி, சுண்ணாம்புக்கு நான் எங்க போவேன் இந்த ஊர்ல. இந்தக் கேள்விய அவனா கேக்கல, யாரோ கேக்க வச்சிருக்கா. சாயங்காலம் ஆனா கதவ மூடிக்கிட்டு அவன்கிட்ட குசுகுசுன்னு பேசுதாளே, அங்கதான் இருக்கு விசயம்.

எங்க தெருவுல பெர்னத்தம்மான்னு ஒருத்தி, மாடியில கருவாடு காயப்போடுவா, தெனமும் கொறையுதும்பா, பக்கத்து வீட்டு பூனையப் புடிச்சி சாக்குல கட்டி தெர்மல் கரண்டு கம்பெனி பக்கம் விட்டுட்டு வரச் சொன்னா, அப்பவும் கொறைஞ்சிச்சி, கடைசியில பாத்தா அவ புருசன் ராயப்பனே ராத்திரி எடுத்துச் சுட்டுத் தின்னுட்டு வாயத் தொடச்சிக்கிட்டு வந்து படுத்திருக்கான். வீட்டுக்குள்ள நடக்க காரியத்துக்கு வெளிய தேடக் கூடாது, அத நான் அன்னைக்கே படிச்சிட்டேன். இந்த வீட்டுல யாரு இருக்கா? நான் ஒருத்தி, நான் போடல. மிச்சம் யாரு? சாட்சி இல்லாமலா சொல்லுதேன். தண்ணிக்குள்ள ஓடுத மோட்டார் மேல பாரு, வெள்ளை வெள்ளையா மாவு பூத்திருக்கு, வெந்நீர் கெட்டிலுக்குள்ள படியுமே அந்த மாதிரி. மாவு இல்லாம மாவு எப்படிப் படியும்? அவதான் சோடா மாவப் போட்டு சிங்க்கத் தேய்ப்பா, டப்பா அடுக்களையில எந்தத் தட்டுல இருக்குன்னு எனக்குத் தெரியும், அளவு கொறையுதான்னு ரப்பர் பேண்டு மாட்டி அடையாளம் வச்சேன், கொறையல, ஆனா அவ வேற டப்பா வச்சிருந்தா? தொட்டி பக்கத்துல நின்னு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்ல தண்ணியப் புடிச்சி, அதுல என்னமோ சொட்டு விட்டு விட்டு ஆட்டுதா, நீலமா இருக்கது மஞ்சளாகுத வரைக்கும் உதட்டுக்குள்ள எண்ணுதா, எண்ணி முடிச்சி மொகம் வாடிப் போவுது. அந்த மொகத்த நான் நம்பல. போட்டவளே வந்து எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்க வேண்டியதுதானே. எல்லாத்துக்கும் மேல, அந்தப் பச்சை லைட்டு. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சி பாத்திரம் கழுவிட்டு வந்து அலமாரியத் தொறந்தா, லைட்டு அணைஞ்சி கெடக்கும். தெனமும். நான் சுவிட்ச போட்டுட்டு வாயத் தொறக்காம வந்து உக்காந்துருவேன். பவளத்துக்குப் போவுத சாப்பாட்ட நிறுத்துதா, வெசத்த ஊத்துதா, பழிய என் தலையில வைக்கா. கெழவிய ஊருக்கு ஏத்தி விடணும், அதான் கணக்கு. இன்னைக்கி சாயங்காலம் அவன் கூப்பிடுவான், இன்னைக்கி நான்தான் மொதல்ல போன எடுப்பேன், எடுத்து, "ஏல, உன் பொண்டாட்டிதாம்ல, என் கண்ணால பாத்தேன், இவள கொஞ்ச நாளைக்கி அவ அம்மை வீட்டுல கொண்டு விடு"ன்னு சொல்லப்போறேன். சொல்லிட்டா பெறவு திரும்ப எடுக்க முடியாதுன்னும் தெரியும். அதுக்குத்தான் கண்ணால பாக்கணும்ங்கேன்.

நான் வந்ததே பிரசவம் பாக்க. ஏர்போர்ட்ல பெட்டியத் தொறந்து அந்த அரபிப் பையன் கருப்பட்டிய எடுத்து மோந்து மோந்து பாக்கான், இது என்ன என்னங்கான், எனக்கு அவன் பாசை தெரியாது, வயித்துப் புள்ளக்காரிக்குன்னு கையால வயித்தக் காட்டினேன், சிரிச்சிட்டு விட்டுட்டான். தொட்டிலு கெட்டுத வெள்ளச் சேலை, சின்னச் சின்ன சட்டை, வசம்பு, எல்லாம் இன்னமும் அந்தப் பெட்டியிலதான் கெடக்கு, கட்டிலுக்கு அடியில, நான் தொறக்கல. வந்து இறங்கி ஒரு ஞாயித்துக்கெழமை கூட முழுசாப் பாக்கல, வயித்து வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், வரும்போது ஒண்ணும் இல்லாம வந்தோம். அஞ்சு மாசத்துப் புள்ள. அந்த நேரம் பாத்து வீட்டுல குளிர்ச்சி மெஷினும் நின்னு போச்சி, யாரும் கவனிக்கல, யாருக்கு ஓடும் தொட்டி நெனப்பு, வந்து பாத்தா தண்ணி கஞ்சி மாதிரி கொதிச்சிக் கெடக்கு, கிளமென்ட் செருப்பக் கூட கழட்டாம நின்னு பாத்தான், அன்னைக்கித்தான் அவன் அழுதான், ஆஸ்பத்திரியில அழல. அவ அழவே இல்ல. அதுவும் எனக்கு என்னமோ மாதிரிதான் இருந்திச்சி, பெத்த வயிறு எரியாதா? எங்க காலத்துல நாங்க ஒப்பாரி வச்சி தெருவக் கூட்டிருவோம். இவ ரூம்புக்குள்ள போனவதான். நான் சும்மா இருந்தேனா, உளுந்தங்களி கிண்டினேன், பூண்டுக் கொழம்பு வச்சேன், சுக்குத் தண்ணி, பனிமய மாதாவுக்கு நவநாளு ஜெபம், மூணு வேளையும் கதவத் தட்டித் தட்டி, "ஏம்மா, ஒரு வாய், எங்க மைனிக்கு ரெண்டு போச்சி, பெறவு வரிசையா மூணு பெத்தா, ஒரு வாய் வாங்கிக்க"ன்னு தட்டோட நின்னா, "சரி மாமி, வைங்க மாமி"ங்கா, வச்சது அப்படியே திரும்பி வருது. குப்பைக் கூடையக் கூட நான் கிண்டிப் பாத்தேன், திருட்டுத்தனமா பிஸ்கட்டு கிஸ்கட்டு தின்னுதாளான்னு. ஒரு தாளு கூட கெடைக்கல. அப்ப என்னத்தத் தின்னு உசுரோட இருக்கா? கன்னம் ரெண்டும் ஒட்டிப் போயி, நேத்து தலை வாரும்போது பாத்தேன், கொத்தாக் கையில வந்த முடிய எங்க போடன்னு தெரியாம அப்படியே புடிச்சிக்கிட்டு நின்னா. சீ, இது இப்ப எதுக்கு நெனப்புல வருது. இளகக் கூடாது. இளகினா ஏமாந்துருவேன். அருள் நிறைந்த மரியே, எத்தனாவது மணியில இருக்கேன், விட்டுட்டேன், மொதல்ல இருந்து உருட்டணும், அங்க, அங்க, கதவு.

கதவு தொறந்திச்சி. வெறுங்காலு. கண்ண இன்னும் கொஞ்சம் மூடிக்கிட்டேன், இமைக்கு அடியால அவ நைட்டியோட ஓரம் மட்டும் தெரியுது, என் பக்கத்துல வந்து நிக்கி, என்னையத்தான் பாக்கா, தூங்குதாளான்னு சோதிக்கா, கள்ளி, குனிஞ்சி என்னமோ செய்தா, ஒண்ணுமில்ல, காலுல இருந்து நழுவின போர்வையத் தூக்கி விட்டா. போர்வையா? நடிப்பு, நான் முழிச்சிருக்கது தெரிஞ்சிட்டுது போல. பெறவு தொட்டிக்கிட்ட போறா, கண்ணாடி மேல நெத்திய முட்டிக்கிட்டு நிக்கா, அந்த வெள்ளையாப் போன மான்கொம்புக்கு நேரா. ஊத்து, ஊத்துட்டி, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவ கையில ஒண்ணும் இல்ல. குனிஞ்சா, அலமாரியத் தொறந்தா, கைய உள்ள விட்டா, டக்குன்னு ஒரு சத்தம். அணைச்சிட்டா! நான் எந்திரிச்ச வேகத்துல செபமாலை பறந்து போயி விழுந்திச்சி. "என்ன பண்ணுத?" அவ திரும்பின திரும்புல தலை அலமாரிக் கதவுல இடிச்சிட்டு. "மாமி... தூங்கலையா மாமி?" "தூங்குவேன், நல்லாத் தூங்குவேன். எதுக்கு அத அணைச்ச? உன் புருசன் எரியவிடச் சொன்னத நீ எதுக்கு அணைக்க? தெனமும் நீ அணைக்கதும் தெனமும் நான் போடுததும், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியா?" அவ அப்படியே என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கா. "என்ன சொன்னீங்க?" "அணைக்கன்னு சொன்னேன்." "இல்ல மாமி, அதுக்கு அடுத்து. நீங்க என்ன செய்தீங்க?" "நான் போடுதேன். அணைஞ்சி கெடந்தா போடச் சொல்லிட்டுத்தானே போனான்." அவ அப்படியே தரையில உக்காந்துட்டா, தொட்டியில சாஞ்சி. "நீங்களா மாமி," ன்னா, "நீங்களா போட்டீங்க," திரும்பத் திரும்ப அதையே. எனக்கு பயம் வந்துட்டு. "ஏட்டி, என்ன செய்யுது, தண்ணி வேணுமா?" "அவர் வேலை எடத்துல இருந்து கூப்பிட்டு அணைக்கச் சொன்னாரு மாமி. காரம் ஏறுதுல்ல, அதான். தெனமும் மத்தியானம் அணைச்சேன். சாயங்காலம் வந்து பாத்தா எரியுது. அவர் கேட்டாரு, மறந்துட்டியான்னு. இல்ல அணைச்சேன்னேன். மறுநாளும் எரியுது. மறுபடியும் மறந்துட்டியான்னாரு. உங்ககிட்ட கேக்கவே எனக்குத் தோணல மாமி. அணைச்சமா, அணைக்கலையா, அணைச்சதா நெனச்சிக்கிட்டமான்னு... எனக்கு கோட்டி புடிச்சிட்டுன்னே நெனச்சிட்டேன். முந்தாநாளு அவரே சொன்னாரு, வந்த உடனே ஒரு டாக்டர்கிட்ட போவோம்னு."

கோட்டி. நான் உக்காரல, நின்னுக்கிட்டே இருந்தேன், உக்கார எடம் தெரியல. இந்தப் புள்ள இத்தனை நாளா அந்த ரூம்புக்குள்ள படுத்துக்கிட்டு தன் மூளையத் தானே சந்தேகப்பட்டுக்கிட்டு கெடந்திருக்கு, நான் வெளிய உக்காந்து அவளச் சந்தேகப்பட்டுக்கிட்டு கெடந்திருக்கேன், அந்த மெஷின் பாட்டுக்கு சொட்டிக்கிட்டு இருந்திருக்கு. அப்பவும் பாரு என் வாய, "அப்ப அந்த மாவு? மோட்டார் மேல வெள்ளையா?"ன்னு கேக்கேன். "அது மருந்துதான் மாமி. தண்ணியில அளவு மிஞ்சிப் போச்சின்னா அப்படித்தான் படியும். யாரும் ஒண்ணும் போடல. அன்னைக்கி சூடு பட்டதுல இருந்து இதுங்க வளரவே இல்ல. வளந்தாத்தானே எடுத்துக்கிடும். எடுத்துக்கிட முடியாத நேரத்துல குடுத்துக்கிட்டே இருந்தா, அதுவே சேந்து சேந்து இதுங்களச் சுடுது." நான் அடுக்களையப் பாத்தேன். அடுப்பு மேல உளுந்தங்களி மூடி வச்சிருக்கேன், இன்னும் செத்த நேரத்துல தட்டுல போட்டு கொண்டு வந்து தட்டணும்னு இருந்தேன். "சரி, இப்ப தண்ணிய மாத்திருவோமா? மொத்தமா எறைச்சிட்டு, நான் வாளி எடுத்துட்டு வரட்டா?"ன்னேன். "வேண்டாம் மாமி. டக்குன்னு கொறச்சாலும் செத்துரும். விட்டுட்டா அதுவா மெள்ள இறங்கும். நாம ஒண்ணும் செய்யாம இருக்கணும்." ஒண்ணும் செய்யாமன்னா எப்படி, ஒரு துணி கூட நனைச்சிப் போடாமலா, ஒரு ஜெபம் கூட சொல்லாமலா, கேக்க வந்தேன்.

அந்நேரம் பாத்து போன் அடிச்சிச்சி, பள்ளிவாசல்ல அசர் தொழுகைக்குப் பாங்கும் சொல்லுதான், ரெண்டும் ஒண்ணா. ரெண்டு பேரும் போனப் பாத்தோம். நான்தான் எடுத்தேன், நான்தான் எடுப்பேன்னு காலையிலயே முடிவு பண்ணினதுதானே. "அம்மா, இன்னைக்கி லைட்டு அணைஞ்சிருக்கா? ஜெனி அணைச்சாளா, இல்ல இன்னைக்கும் மறந்துட்டாளா?"ங்கான். "ஏல, அவ ஒருநாளும் மறக்கல," ன்னேன். "தெனமும் அணைச்சிருக்கா. தெனமும் நான் போட்டிருக்கேன். நீ என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு அவகிட்ட ஒண்ணு சொல்லிட்டு அங்கன போயி உக்காந்துக்கிட்ட, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவணும்னா என்னையக் கூட்டிட்டுப் போல சவத்து மூதி." "அவகிட்ட குடுங்கம்மா"ன்னான், கொரலு ஒடைஞ்சி. குடுத்தேன். அவ காதுல வச்சிக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தா, ஒரு தடவை "ம்"ன்னா, பெறவு லைன் கட்டாயிட்டு போல, போனத் தரையில வச்சிட்டா.

நானும் கீழ உக்காந்தேன், முட்டி ரெண்டும் கடகடன்னு கத்திச்சி. செபமாலை எங்க விழுந்ததோ தெரியல, தேடல. எனக்கு வாய்க்குள்ள வரிசையா நிக்கி, எங்க மைனி கதை, பெர்னத்தம்மா கதை, களி ஆறிப் போவுதுங்கது, கோட்டி உனக்கு இல்லட்டி எனக்குத்தான்ங்கது, ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கி, நான் பல்ல இறுக்கிக்கிட்டேன். அந்தப் பச்சை லைட்டு அணைஞ்சி கெடக்கு. கை துறுதுறுங்குது. முந்தானைய எடுத்து கையில சுத்திக்கிட்டேன். ஒரு மீனு வந்து எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டுப் போச்சி. ஏசி ஒருக்க நின்னு மறுபடி ஓடிச்சி. எவ்வளவு நேரம்னு தெரியல, நான் பேசாம இருந்ததே இல்லையா, அதனால கணக்கும் தெரியல. அவ திரும்பி என்னையப் பாத்தா, என்னமோ வித்தியாசமா இருக்கேன்னு பாக்குத மாதிரி. பெறவு தொட்டியப் பாத்துக்கிட்டே சொன்னா. "பேரு வச்சிருந்தேன் மாமி."

என்ன பேருன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. ஆணா பொண்ணா, யாரு பேரு, எங்க வீட்டுப் பேரா உங்க வீட்டுப் பேரா, எப்ப வச்ச, அவன்கிட்ட சொன்னியா. ஒண்ணும் கேக்கல. முந்தானைய இன்னும் ஒரு சுத்து சுத்திக்கிட்டு, அந்த வெள்ள நுனியவே பாத்துக்கிட்டு இருந்தேன்.